செல்லப் பிராணிகளையும் காட்டு விலங்குகளையும் கவனிக்கும் கால்நடை மருத்துவர்களின் பணி எவ்வாறு வேறுபடுகிறது?

அடிப்படைப் படிப்பு ஒன்றே என்றாலும், நோயாளியை நெருங்கும் முறையிலேயே இரு பணிகளும் பிரிந்துவிடுகின்றன. செல்லப் பிராணிகளுக்கான மருத்துவருக்குத் தடுப்பூசி, கருத்தடை அறுவை சிகிச்சை, பல் மற்றும் தோல் நோய்கள் ஆகியவை அன்றாட வேலை. ஆனால், நாய்க்கான மருந்தை அளவு குறைத்துக் கொடுத்தால் பூனைக்குப் பொருந்திவிடும் என்று எண்ண முடியாது. பாராசிட்டமாலைச் செயலிழக்கச் செய்யும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், ஒரே ஒரு மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கலாம். பூனை வளர்ப்போர் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

காட்டு விலங்கு மருத்துவத்திலோ பரிசோதனையே ஆபத்தாகிவிடக்கூடும். யானைக்கோ காண்டாமிருகத்துக்கோ மயக்க ஊசி செலுத்துவதற்கு முன், எடையைப் பெரும்பாலும் கண்ணாலேயே மதிப்பிட்டு மருந்தளவைத் தீர்மானிக்க வேண்டும். அருகில் பள்ளமோ நீர்நிலையோ இல்லாத இடமாகவும் வெயில் ஏறாத நேரமாகவும் பார்க்க வேண்டும். விலங்கு சாய்ந்ததும் கண்களைத் துணியால் மூடி, மூச்சையும் உடல் வெப்பத்தையும் விடாமல் கவனித்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுத்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, காயத்துக்கு மருந்திட்டபின், மயக்கத்தை முறிக்கும் மருந்தைச் செலுத்திவிட்டு விரைவாக விலகுகிறார்கள். மான் போன்றவற்றைப் பிடிப்பதற்காக நெடுநேரம் விரட்டினால் தசைகள் சிதைந்து, சில நாட்கள் கழித்தும் அவை இறக்கக்கூடும். ஆகவே, சில வேளைகளில் சிகிச்சை அளிக்காமல் விட்டுவிடுவதே சரி என்று முடிவெடுப்பதும் இவர்களின் பொறுப்பாகிறது.

இறந்த விலங்கின் உடற்கூறாய்வும் இப்பணியில் அடங்கும். வெறிநோய், ஆந்த்ராக்ஸ் போன்றவை மனிதருக்கும் பரவுபவை என்பதால், அத்தகைய நோய்களை முதலில் கண்டறிந்து எச்சரிப்பவர் பல நேரங்களில் கால்நடை மருத்துவராகவே இருக்கிறார்.