ஜூலு பாசிமணிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டா?

தென்னாப்பிரிக்கா போய்வந்த நண்பர் ஒரு பாசிமணி வில்லை கொண்டுவந்ததாகவும், கூடவே இருந்த அட்டையில் 'வெள்ளை: தூய்மை, சிவப்பு: ஆசை, இளஞ்சிவப்பு: வறுமை' என்று அச்சடித்திருந்ததாகவும் எழுதி, இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. வேலை நிமித்தம் டர்பனில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே கடற்கரைச் சாலை ஓரமாக ஜூலு இனப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, மணி கோத்துக்கொண்டே விற்பார்கள். அவர்களில் ஒரு பாட்டியிடம் நானும் இதையே கேட்டேன். வயதான பெண்களை அங்கே 'கோகோ' என்று கூப்பிடுவார்கள், பாட்டி என்று அர்த்தம். "கோகோ, இந்த இளஞ்சிவப்புக்கு என்ன அர்த்தம்?" என்றேன். "யார் கோத்தது, யாருக்குக் கோத்தது, அதை முதலில் சொல்" என்றார். எனக்குக் கிடைத்த சரியான பதில் அதுதான்.

ஜூலுக்களிடம் ஹ்லோனிபா என்றொரு மரியாதை வழக்கம் உண்டு. கல்யாணமாகி வந்த பெண் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அந்தப் பெயரின் அசை வரும் வேறு சொற்களைக்கூடத் தவிர்க்க வேண்டும். காதல், உடல், கோபம் என்று வாய் திறந்து பேச முடியாதவை ஏராளம். அந்த இடத்தில்தான் மணி பேசியது. ஒருவன் ஒரு பெண்ணைச் சுற்றிச்சுற்றி வருகிறான் என்றால், அவள் உடனே சரி சொல்லிவிட முடியாது. ஊரில் கல்யாணமாகாத மூத்த பெண்களான அமாகிகிஸா சம்மதிக்க வேண்டும். சம்மதித்த பிறகு அவள் 'ஊசு' என்ற மணிச்சரத்தைக் கொடுத்தனுப்புவாள். அவன் அதைக் கழுத்தில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் வருவதுதான் அந்தச் சதுர வில்லை, 'இன்க்வாடி'. கடிதம் என்று பொருள்.

எழுதுவது பெண்கள் மட்டும். வந்த கடிதத்தைப் புரிந்துகொள்ள ஆண்கள் தங்கள் அக்கா தங்கைகளிடம்தான் போய் நிற்பார்களாம். இளஞ்சிவப்பு வைத்தால், 'நீ ஏழை, பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய லோபோலா மாடுகளுக்கு எங்கே போவாய்?' என்று அவள் கேட்கிறாள் என எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே இளஞ்சிவப்பு, ம்சிங்கா பகுதியின் 'இசிஷுன்கா' என்ற ஏழு நிறக் கூட்டில் சும்மா ஒரு நிறம். அங்கே அந்தக் கூட்டைப் பார்த்தால் போட்டிருப்பவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரியும், அவ்வளவுதான். அட்டை அச்சடிப்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, நிறத்துக்கு ஒரு சொல் என்று அகராதி போட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் செல்லுபடியான பேச்சு அது.

வேலைப்பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தறி கிடையாது, வரைந்த படம் கிடையாது. மடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி நிறைய மணி, ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. கோகோ ஊசி முனையால் ஒரு மணியைத் தொட்டு எடுப்பார், மேல் வரிசையில் ஒன்றை விட்டு அடுத்ததின் துளைக்குள் நுழைப்பார், இழுப்பார். முக்கோணம் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் மனக்கணக்கு. ஒருநாள் நான் பேச்சுக் கொடுத்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மூன்று வரிசையைப் பிரித்து, மணிகளை மூடிக்குள் உதிர்த்து, மறுபடி ஆரம்பித்தார். அன்றைக்கு அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த மணிகள் அந்த ஊரில் செய்தவை அல்ல. 19-ம் நூற்றாண்டில் வெனிஸிலிருந்தும் பொஹிமியாவிலிருந்தும் கப்பலில் வந்தன. 1828 முதல் 1840 வரை ஆண்ட ஜூலு அரசர் டிங்கானே காலத்தில் மணி வியாபாரம் அவர் கையில்தான் இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, சுமார் 1000 வருடங்களுக்கு முன், வடக்கே லிம்போபோ ஆற்றுப் பக்கம் இந்தியாவிலிருந்து கண்ணாடி மணிகள் போயிருக்கின்றன. அரிக்கமேட்டில் கிடைப்பதுபோல், கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிய வகை. அந்தப் பக்கம் கே2 என்று அழைக்கப்படும் தொல்லியல் இடத்தில் இருந்தவர்கள் அந்தச் சின்ன மணிகளை உருக்கி, களிமண் அச்சில் இட்டுப் பெரிய பீப்பாய் வடிவ மணிகளாக்கினார்கள். வந்ததை அப்படியே போட்டுக்கொள்ளாமல் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இது பழைய கதையோடு நின்றுவிடவும் இல்லை. 1990-களின் கடைசியில் டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தை எய்ட்ஸ் வாட்டியபோது, அந்த நோயைப் பற்றிக் கணவனிடம்கூடப் பேச முடியாத கிராமத்துப் பெண்கள் டர்பனில் 'சியசாமா' என்ற திட்டத்தின் கீழ் மணிப் பொம்மைகளில் அதைச் சொன்னார்கள். சியசாமா என்றால் 'முயல்கிறோம்'. காதல் கடிதம் எழுதிய அதே சதுர வில்லையில் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பனும் ஏறியது.

உங்கள் நண்பரிடம் இருப்பதைப் படம் எடுத்துப் போடுங்கள். வெள்ளை, வெளிர்நீலம், கரும்பச்சை, வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, கறுப்பு ஏழும் இருந்தால் அது ம்சிங்கா பக்கத்து இசிஷுன்காவாக இருக்கலாம். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள், நூல் ஓடிய விதத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.