பாவோபாப் (பருத்த அடிமரமுள்ள ஆப்பிரிக்க மரம்) வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: விதை போட்டு இரண்டு மாதம் ஆகிறது. முளைக்கவே இல்லை. விதை சொத்தையா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. மேல்தோல் அவ்வளவு கெட்டி. ஆப்பிரிக்காவில் யானை, குரங்கு வயிற்றுக்குள் போய் வந்தால் அந்தத் தோல் சற்று இளகும். நாம் உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். ஓரத்தில் உள்பருப்பின் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். ஊதிப் பெருத்த விதைகளை மட்டும் மணல் தூக்கலான மண்ணில் ஊன்றுங்கள். ஒன்று கவனம்: இளங்கன்றின் இலை ஒற்றையாகத்தான் இருக்கும். விரல் விரலாகப் பிரிந்த இலை அப்புறம்தான் வரும். வேறு ஏதோ செடி என்று பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: தொட்டிக் கன்று இலையெல்லாம் கொட்டிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் தளிர்க்கவில்லை.

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இதன் தாயகமான ஆப்பிரிக்கச் சவான்னா புல்வெளியில் மழை சில மாதம்தான். மீதிக் காலமெல்லாம் இந்த மரம் மொட்டையாகவே நிற்கும். அது அதன் ஓய்வு. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது; இலையில்லாத காலத்தில் அந்தப் பச்சைதான் கொஞ்சம் உணவு தயாரிக்கிறது. அடித்தண்டு மெத்தென்று அமுங்கினால் அழுகல் பிடித்துவிட்டது. வறட்சியில் செத்த கன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அக்கறையாக ஊற்றிய தண்ணீரில் செத்தவைதான் அதிகம். உறைபனியும் ஆகாது.

கேள்வி: மரத்துக்குள் குடம் குடமாகத் தண்ணீர் இருக்குமாமே?

பதில்: தொட்டியில் நிற்பதுபோல் நிற்காது. பஞ்சு மாதிரியான கட்டை முழுக்க ஈரம் ஊறியிருக்கும். கோடையில் யானைகள் அதைக் கிழித்து மெல்லும். ஆனால் சூடானின் கொர்டொஃபான் பகுதியில் மக்களே அடிமரத்தைக் குடைந்து, மழைநீரை நிரப்பி வைத்துக் குடித்து வந்தார்கள். குடைந்த பிறகும் மரம் தழைத்து நிற்கும்.

கேள்வி: ஆயிரம் ஆண்டு வாழும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. தண்டின் ஆண்டு வளையங்களை எண்ணுவதை நம்ப முடியாததால், கட்டையில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பில் பார்க்கிறார்கள். ஜிம்பாப்வேயில் இருந்த பாங்கே என்ற பாவோபாப் மரத்துக்கு ஏறத்தாழ 2,450 வயது. அதுவும் 2011 வாக்கில் போய்விட்டது. 2018இல் வெளியான ஆய்வின்படி, மிக மூத்த 13 மரங்களில் 9 பன்னிரண்டே ஆண்டுகளில் முழுதாகவோ, அவற்றின் மூத்த தண்டுகள் மட்டுமோ சரிந்துவிட்டன. நோய்த்தொற்று தென்படவில்லை. பருவநிலை மாற்றத்தைத்தான் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.