என் வெப்சைட்டில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் எஃபெக்ட்களும், யார் வந்து பார்க்கிறார்கள் என்ற கணக்கும் சேர்ப்பது எப்படி?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் நகர முடியவில்லை. நீங்கள் கடையோ லாட்ஜோ ஏதோ சின்னத் தொழிலோ வைத்திருக்கிறீர்கள், பக்கத்தை நீங்களே செய்துவிட்டீர்கள், இப்போது அது வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றுகிறது, யாராவது பார்க்கிறார்களா இல்லையா என்பதும் தெரியவில்லை. அப்படித்தானே? 2022 சீசனில் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். எனக்கு இது தொழில் இல்லை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன், வெப் வேலை எல்லாம் ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டது. இதைவிட நல்ல முறை இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம், இருக்கும்தான். ஆனால் நான் எழுதுவது நடந்தது, பட்டது.

சித்தப்பாவுக்குக் குற்றாலத்தில் ஐந்தருவி போகும் ரோட்டில் ஒரு காட்டேஜ் இருக்கிறது, ஆறு ரூம். அதற்கு நான் ஒரே ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். மேலே இன்றைக்கு அருவியில் தண்ணீர் எப்படி என்று ஒரு வரி, கீழே ரூம் படங்கள், வாடகை, போன் நம்பர், அவ்வளவுதான். தண்ணீர் நிலவரம்தான் முக்கியம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை சாரல் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கு போன் வந்தாலும் முதல் கேள்வி "தண்ணி விழுதா?" என்பதுதான். பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால் வருகிறவர்களுக்குப் பாதி நாள் வீண். அதனால் சித்தப்பா காலையில் அருவிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்வார், நான் மாற்றிவிடுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் எனக்கு எஃபெக்ட் ஆசை வந்தது.

பக்கம் முழுக்கச் சாரல் விழுகிற மாதிரி ஒரு எஃபெக்ட். தேடினால் பனி விழும் ஸ்கிரிப்ட் நூறு கிடைக்கும், அதில் ஒன்றை எடுத்து வெள்ளைப் புள்ளிகளை மழைக் கோடாக மாற்றினேன். 200 துளி. ஒவ்வொரு துளியும் ஒரு தனி டிவ் (பக்கத்தில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் இன்டர்வல், 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அதன் டாப் அளவை மாற்றும். மில்லில் இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அழகு, அப்படி ஒரு அழகு. ராத்திரி பதினொரு மணிக்கு ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சித்தப்பா கூப்பிட்டார். "ஏல, போன்ல ஒரே மழையா விழுது, நம்பரு எங்கல இருக்கு?" அவருடைய போன் 2 ஜிபி ராம் உள்ள பழைய போன். பக்கத்தை மேலே தள்ளினால் நகரவில்லை, போன் பட்டன் மேல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன, அமுக்கினால் துளியைத்தான் அமுக்க முடிந்தது. அதே வாரம் கேரளாவில் புனலூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேறு யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டு, "சேட்டா, சைட்டில் நம்பர் காணான் பற்றுந்நில்ல" என்றார், நம்பரைப் பார்க்க முடியவில்லையாம். சித்தப்பா அதை என்னிடம் சொன்னபோது எனக்கு முகமே இல்லை. எத்தனை பேர் அப்படித் தேடாமல் அடுத்த காட்டேஜுக்குப் போனார்களோ.

என்ன தப்பு என்று பிறகுதான் புரிந்தது, உங்களுக்கும் இது உதவும். ஒரு பொருளின் டாப், லெஃப்ட் அளவுகளை மாற்றினால் பிரவுசர் பக்கத்தின் அடுக்கை, அதாவது எது எங்கே நிற்கிறது என்பதை, மறுபடியும் கணக்குப் போட வேண்டும். 200 பொருளுக்கு செகண்டுக்கு 50 தடவை என்றால் சின்ன போன் என்ன செய்யும்? நகர்த்தத்தான் வேண்டும் என்றால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்ம், மங்கித் தெரியவைக்க ஒபாசிட்டி, இந்த இரண்டு மட்டும் போதும், இவை அடுக்கைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்டில்தான் செய்தாக வேண்டும் என்றால் செட் இன்டர்வலை விட்டுவிட்டு ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் பயன்படுத்துங்கள். பிரவுசர் திரையை வரையும் நேரத்துக்கு ஏற்றபடி அது ஓடும், ஆள் வேறு டேபுக்குப் போய்விட்டால் நின்றுவிடும், பேட்டரி மிஞ்சும். மேலே மிதக்கிற அலங்காரம் எதுவானாலும் பாயின்டர் ஈவென்ட்ஸ் நன் என்று சிஎஸ்எஸ்ஸில் கொடுத்துவிடுங்கள், அமுக்குவது அதைத் தாண்டி அடியில் இருக்கும் பட்டனுக்குப் போகும். இந்த ஒரு வரி எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தப் புனலூர்க்காரருக்கு நம்பராவது கிடைத்திருக்கும்.

இன்னொன்று, தேடிக் கிடைக்கும் எஃபெக்ட் ஸ்கிரிப்டுகளில் நிறைய ரொம்பப் பழையவை. 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை உருவாக்கிய மொழி இது. அடுத்த சில வருடங்களில் எழுதிய விளையாட்டுகள், மவுஸ் பின்னாலேயே வரும் நட்சத்திரம், அடியில் ஸ்டேட்டஸ் பாரில் ஓடும் எழுத்து என்று எல்லாம் இன்னும் காப்பி ஆகி காப்பி ஆகிச் சுற்றுகின்றன. ஸ்டேட்டஸ் பாரில் எழுத இப்போதைய பிரவுசர்கள் விடுவதே இல்லை, போனில் மவுஸே கிடையாது. அருவிச் சத்தம் தானாக ஒலிக்க வைக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி நாளைச் செலவழித்தேன். 2018-லிருந்தே குரோம் பிரவுசர் ஆள் தொடாமல் சத்தம் எழுப்பவிடாது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. ஆகவே எடுக்கும் ஸ்கிரிப்டில் டாக்குமென்ட் ரைட் என்ற பழைய கால கட்டளை இருந்தால் அதை அப்படியே மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

உங்களுக்கு வேண்டிய எஃபெக்டில் பாதிக்கு ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமுக்கினால் விரியும் கேள்வி பதில் வேண்டுமா, டீடெய்ல்ஸ், சம்மரி என்று இரண்டு டேக் இருக்கிறது. மெதுவாக நழுவிக் கீழே போக வேண்டுமா, சிஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரோல் பிஹேவியர் ஒரு வரி. படங்கள் தேவைப்படும்போது மட்டும் இறங்க வேண்டுமா, இமேஜ் டேகில் லோடிங் லேஸி. சிலருக்குத் திரையில் ஏதாவது ஆடினால் தலை சுற்றும். அவர்கள் போனில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள், ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் என்ற மீடியா குவெரியில் அதைக் கேட்டு அவர்களுக்கு அசைவை நிறுத்திவிட முடியும். ஸ்கிரிப்ட் கோப்பு எதுவாக இருந்தாலும் டிஃபர் போட்டு இணையுங்கள், முதலில் பக்கம் தெரியட்டும். இப்போது எங்கள் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு துளிப் படம். தண்ணீர் நன்றாக விழுந்தால் நீலம், கொஞ்சமாக விழுந்தால் வெளிர்நீலம், தடை என்றால் சிவப்பு, மாறும்போது மெல்ல மங்கி மாறும். அவ்வளவுதான் எஃபெக்ட்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

மழையை எடுத்த கையோடு, வருகிறவர்களை எண்ணும் இலவச ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்தேன். பெயர் வேண்டாம், எல்லாக் கருவிகளும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மாதம் பார்த்தேன். சென்னை முதலில், கொச்சி இரண்டாவது. வரைபடத்தில் வட்டம் வட்டமாகக் காட்டும்போது நம்பாமல் இருக்க முடியாது. நான் சித்தப்பாவிடம் உட்கார்ந்து விளக்கினேன், சென்னையும் கொச்சியும் தூரம், அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஒருநாளைக்கு வரமாட்டார்கள், அதனால் குறைந்தது இரண்டு நாள் என்று வைப்போம், ரூம் வாடகையையும் அதற்கேற்ற மாதிரி எழுதுவோம் என்று. அவருக்கு மனதில்லை. ஆனாலும் "கம்ப்யூட்டரே சொல்லுதுங்க, சரிதாம்ல" என்று விட்டுவிட்டார். ஜூலையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ரூம் காலியாகக் கிடந்தது, வெளியே கூட்டம் ரோடு நிறைய.

அப்போதுதான் காட்டேஜ் ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். முந்தைய வருடங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம், பத்தனம்திட்டா. வண்டி நம்பர் எல்லாம் கேஎல் 25, கேஎல் 24, கேஎல் 02. செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஞாயிறு விடியற்காலை கிளம்பி வந்து, ஒரு ரூம் போட்டு, குளித்து, துணி மாற்றி, பார்டரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டியது அரைநாள் ரூம். கருவி அவர்களைத்தான் கொச்சி என்று காட்டியிருக்கிறது. ஏனென்றால் அது பார்ப்பது ஆள் நிற்கும் இடத்தை அல்ல, நெட் இணைப்புக்குக் கொடுக்கப்படும் எண்ணான ஐபி முகவரியை. மொபைல் டேட்டாவில் அந்த முகவரி, கம்பெனியின் பெரிய நெட்வொர்க் எந்த நகரத்தில் வெளியே வருகிறதோ அந்த நகரத்தின் பெயரில் இருக்கும். பல போன்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளவும் செய்யும். நான் பிரானூரில் மில் வாசலில் நின்றுகொண்டு என்னையே சோதித்துப் பார்த்தேன், ஒருநாள் சென்னை, இன்னொரு நாள் கோயம்புத்தூர். அந்தச் "சென்னை"யில் கணிசமானது தினமும் முப்பது தடவை என் பக்கத்தை நானே திறந்து பார்த்த கணக்கு. இது எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் அடிக்கும். பக்கத்து ஊர்க்காரர் வேறு மாநிலத்துக்காரர், அவர் போன் வேறு வட்டாரம்.

அதனால் இப்போது நான் ஊரை எண்ணுவதில்லை, செய்கையை எண்ணுகிறேன். போன் பட்டனை அமுக்கினார்களா, வாடகைப் பகுதியை விரித்தார்களா, மலையாளம் என்ற பட்டனைத் தொட்டார்களா, இந்த மூன்றும்தான். ஒவ்வொரு பட்டனிலும் கிளிக்கைக் கேட்கும் ஒரு லிஸனர், அமுக்கியதும் நேவிகேட்டர் சென்ட் பீக்கன் மூலம் நம் சர்வருக்கு ஒரு சொல் போகும், அங்கே தேதியும் மணியும் சேர்த்து ஒரு கோப்பில் ஒரு வரி. சாதாரணமாக அனுப்பினால் போன் ஆப் திறந்து பக்கம் பின்னால் போகும்போது சில நேரம் அறுந்துவிடும், பீக்கன் பெரும்பாலும் போய்ச் சேரும். ஐபி எழுதுவதில்லை, குக்கீ இல்லை. என் போனிலும் சித்தப்பா போனிலும், பிரவுசர் தனக்குள் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு குறி வைத்திருக்கிறேன், அது இருந்தால் எண்ணாது. எல்லாம் சேர்த்து இருபது வரிகூட வராது. சொந்த சர்வர் இல்லையென்றால் கோட்கவுன்டர், மடோமோ மாதிரி திறமூலக் கருவிகள் இருக்கின்றன, பாருங்கள். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் இவற்றிலும் விடுபடுவார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களின் பெயர், நம்பர் எல்லாம் வாங்கிச் சேர்ப்பதாக இருந்தால் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். ஆறு ரூமுக்கு அதெல்லாம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மலையாளம் பட்டன் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒருவர் எனக்கு நீளமாகத் திட்டி அனுப்பினார், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மலையாளம் எதற்கு, நீ மலையாளியா என்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. அந்த எல்லை போய் எத்தனையோ வருடம் ஆகியும் பிரானூருக்குப் பார்டர் என்ற பெயர் போகவில்லை. எங்கள் தாத்தாவின் நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, அவர் வீட்டில் பேசியது தமிழ், கடன் கேட்டதும் கோபப்பட்டதும் தமிழ். அந்தப் பக்கம் போனால் பாண்டி என்கிறார்கள், வடக்கே போனால் மலையாளத்தான் என்கிறார்கள். எங்கள் அருவிக்கு வந்து எங்கள் ரூமில் தங்கும் குடும்பத்துக்கு அவர்கள் படிக்கும் எழுத்தில் வாடகையை எழுதி வைப்பது தமிழுக்கு எந்த வகையில் குறை? பக்கம் திறந்தால் முதலில் வருவது தமிழ்தான், என்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு. அந்தக் கோப்பைப் பார்த்ததில் போன் பட்டன் அதிகம் அமுக்கப்படுவது சனிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை, மறுபடியும் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி சுமார். சனிக்கிழமை போன் வரிகளில் பாதிக்கு, கோப்பில் சற்று முன்னாலேயே ஒரு மலையாளம் வரி இருக்கிறது. இரண்டு நாள் கட்டாயத்தை எடுத்துவிட்டோம், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரைநாள் வாடகை என்று தனியாக எழுதினோம், தண்ணீர் நிலவரத்தை ஞாயிறு மட்டும் நாலரைக்கே மாற்றுகிறேன். நீங்கள் தொடங்கும்போது எந்த எஃபெக்ட், எந்தக் கருவி என்று பார்க்காமல், உங்கள் பக்கத்தில் ஒருவர் எதை அமுக்கினால் உங்களுக்கு வியாபாரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் எண்ணுங்கள். என்ன பட்டன், எந்த மாதிரி சர்வர் என்று சொன்னால் அந்த இருபது வரியை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறேன்.

சித்தப்பா வரைபடம் எல்லாம் கேட்பதில்லை. சீசனில் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு போன் போட்டு, "எத்தனை பேரு அமுக்குனாவ?" என்று மட்டும் கேட்பார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காலைக்கு எத்தனை துண்டு துவைத்து வைக்க வேண்டும் என்று சித்தியிடம் சொல்கிறார்.