பட்டாசு நாளில் பிராணிகள்: வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு நான்கு வயது. தீபாவளியன்று முதல் வெடிச் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகிறது; எச்சில் வடிகிறது; சோறு வைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும், கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா? (வாசகி, திருச்சி)

பதில்: சரியல்ல. பிஸ்கட் கொடுத்தால் கைகொடுக்கும் பழக்கம் வலுப்படும் என்பது உண்மைதான். ஆனால் பயம் அப்படிக் கற்றுக்கொண்ட வித்தை அல்ல, உடலே எழுப்பும் அபாய மணி. ஆதரவாகத் தடவிக் கொடுப்பதால் எந்த நாயும் கூடுதலாகப் பயப்படக் கற்றுக்கொள்வதில்லை. உங்களைத் தேடி வந்தால் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் இழுத்து வெளியே போடாதீர்கள். அது தேர்ந்தெடுத்த மறைவிடத்தை நாம் கெடுக்கக் கூடாது.

ஒலியின் கீச்சுத்தன்மையை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ்; மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரையும் பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும். பட்டாசின் சத்தம் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு விதி சொல்கிறது. நம் தெருக்கள் பலவற்றின் அகலமே அவ்வளவுதான் என்பதால், விதிக்கு உட்பட்ட வெடியும் உங்கள் நாய்க்குத் தாங்க முடியாத சத்தமே. அடுத்த வெடி எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாமல் இருப்பது அந்தப் பயத்தை மேலும் வளர்க்கிறது.

ஆகவே ஒரு வாரம் முன்பே தெருவை ஒட்டாத ஓர் உள் அறையில் அதன் படுக்கையையும், உங்கள் வாசனை உள்ள பழைய சேலை ஒன்றையும் போட்டு, தினமும் சோறு அங்கேயே வையுங்கள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக் கனமான திரை போட்டு, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டால், சத்தம் மறையாவிட்டாலும் அதன் கூர்மை மழுங்கும். உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதித்ததை அடுத்து, தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என நேரம் வகுத்தது. எந்தத் தெருவும் கடிகாரம் பார்த்து வெடிப்பதில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள். எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு இருட்டிலேயே சரவெடி தொடங்கிவிடும். எனவே முதல் நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே வெளியே அழைத்துச் சென்று சிறுநீர், மலம் கழிக்க வைத்துவிடுங்கள். அதன்பின் எப்போது வெளியே போனாலும் கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, அதில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். மொட்டை மாடியில் மட்டும் கட்டிப் போடாதீர்கள். மிரண்ட நாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்துச் சங்கிலியிலேயே தொங்கிவிடும்.

கேள்வி: மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் அன்று முழுவதும் நாய் தூங்கிவிடும் என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: தூங்குவது போலத் தெரியும், அவ்வளவுதான். பழைய பழக்கத்தில் பலரும் கேட்டு வாங்கும் அசெப்ரோமசின் என்ற மருந்து உடலைத் தளரச் செய்யுமே தவிர, பயத்தை நீக்காது. எழுந்து ஓட முடியாமல், ஆனால் ஒவ்வொரு வெடியையும் கேட்டுக்கொண்டே கிடக்கும் நிலையை எந்தப் பிராணிக்கும் நாம் விரும்பித் தரக் கூடாது. பயத்தையே குறைக்கக்கூடிய டிரசோடோன், காபாபென்டின், அல்பிரசோலம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எடை, வயது, இதயம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். பெரும்பாலும் சத்தம் தொடங்குவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே கொடுத்தால்தான் அவை பலன் தரும். ஒரே மருந்து ஒரு நாயை அமைதியாக்கும், இன்னொன்றைப் பரபரப்பாக்கும் என்பதால், பண்டிகைக்குச் சில நாள் முன்பு அமைதியான ஒரு மாலையில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதறிக்கொண்டு வருபவர்களுக்கு எங்களால் அந்தச் சோதனையைச் செய்து தர முடிவதில்லை. வீட்டில் இருக்கும் மனித மருந்துகளை நீங்களாகவே கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூட உயிரைப் பறிக்கும் நஞ்சு.

பதிவு செய்த வெடிச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, நாய்க்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே வாரக் கணக்கில் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டிப் பழக்கும் முறையும் உண்டு. அதைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு அவசரமாகத் தொடங்கினால் பயம் கூடத்தான் செய்யும். தைப் பொங்கல் முடிந்தபின் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் பூனை வெடிச் சத்தத்தில் வீட்டைவிட்டு ஓடி, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. இந்த முறை என்ன செய்வது? (வாசகி, கோவை)

பதில்: முதல் நாள் மாலையே உள்ளே அழைத்து, மலத் தட்டு, தண்ணீர், ஏறி ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி ஆகியவற்றோடு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டைத் தட்டிப் பாருங்கள். பயந்த பூனைகள் இயந்திரத்தின் மேல் ஏறிப் படுத்திருக்கும்.

கேள்வி: இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். தீபாவளியன்று பால் பாதியாகக் குறைகிறது. மடியில் கோளாறு, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பால் கறக்க வருபவர். (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: பால் குறையவில்லை, மாடு அதை மடியில் அடக்கிக்கொள்கிறது. கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் பாலை இறங்கச் செய்கிறது. மாடு மிரண்டால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். அப்படித் தங்கிப்போன பால் மடிநோய்க்கு வழிவகுக்கும் என்பதுதான் கவலைக்குரியது. அதற்காக ஆக்சிடோசின் ஊசி போடுவது தீர்வல்ல. மாட்டை ஊசிக்கு அடிமையாக்கும் அந்தப் பழக்கத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். வெடி தொடங்குவதற்கு முன்பே அதிகாலைக் கறவையை முடித்துவிடுங்கள். அது முடியாவிட்டால் தெரு அடங்கும்வரை பொறுத்திருந்து, கன்றை ஊட்டவிட்டு, வழக்கமாகக் கறக்கும் ஆளையே கறக்கச் சொல்லுங்கள்.

சினை மாட்டுக்குச் சத்தத்தைவிட, மிரண்டு துள்ளி ஈரத் தரையில் வழுக்கி விழுவதால் வரும் ஆபத்தே அதிகம். தரையில் சாணம், கோமியம் தேங்காமல் கழுவி, வைக்கோல் பரப்புங்கள். மூக்கணாங்கயிற்றை முளையோடு இறுக்கிக் கட்டாதீர்கள். கழுத்துக் கயிற்றில் தலையை ஆட்டிப் படுத்து எழும் அளவுக்கு நீளம் விடுங்கள். கொட்டகை கீற்றுக் கொட்டகையாக இருந்தாலோ வைக்கோல் போர் அருகில் இருந்தாலோ, ராக்கெட் எங்கிருந்தும் வந்து விழலாம் என்பதை மனத்தில் வைத்து, இரண்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்து, இரவில் ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் கயிற்றை அவிழ்க்க நேரம் இருக்காது. அறுக்க அரிவாளைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: கூண்டில் வளர்க்கும் லவ் பேர்ட்ஸை எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், சேலம்)

பதில்: இருட்டில் மிரளும் பறவை கூண்டுக் கம்பியில் மோதிச் சிறகையும் கழுத்தையும் முறித்துக்கொள்ளும். ஆகவே கூண்டின் மூன்று பக்கத்தை மட்டும் துணியால் மூடி, அறையில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். புகை நுழையும் பால்கனியில் வைக்காதீர்கள். பறவைகளின் சுவாச அமைப்பு காற்றை நம்முடையதைவிடத் திறமையாக இழுத்துக்கொள்வதால், நச்சுப் புகையும் அவற்றை விரைவில் தாக்கும். காட்டுப் பறவைகளுக்காகவே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

கேள்வி: தெருவில் கிடந்த வெடிக்காத பட்டாசை எங்கள் நாய்க்குட்டி கடித்துத் தின்றுவிட்டால், அல்லது தீக்காயம் பட்டால் உடனே என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஓடவிடுங்கள். பற்பசை, பேனா மை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீர்கள்; காயத்தைப் பார்க்க வேண்டிய நாங்கள் முதலில் அவற்றைச் சுரண்ட வேண்டியிருக்கும், அது பிராணிக்கு இரட்டை வேதனை. ஈரமான சுத்தத் துணியால் தளர்வாக மூடிக் கொண்டுவாருங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், மூச்சு விட இடம் இருக்கும்படி வாயைக் கட்டுங்கள். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக் கூடாது.

பட்டாசைத் தின்றிருந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். தடை இருந்தும் சில பட்டாசுகளில் பேரியம் உப்புகள் கலந்திருக்கக்கூடும். அவை வாந்தி, பேதியில் தொடங்கி, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த துண்டோ, பட்டாசின் உறையோ கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த வேதிப்பொருள் என்று தெரிந்தால் சிகிச்சை பாதி எளிதாகிவிடும்.