சியாட்டில் டவுன்டவுனை நடந்தே பாக்கலாமா?

கேள்வி: சியாட்டில்ல பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன். டவுன்டவுனையும் பைக் பிளேஸ் மார்க்கெட்டையும் ஒரே நாள்ல நடந்தே பாத்துட முடியுமா?

பதில்: தாராளமா முடியும்மா. பயனியர் ஸ்கொயர்ல ஆரம்பிங்க, 1889-ல பெரிய தீ விபத்து நடந்தப்புறம் அங்க தெருவையே ஒசத்திக் கட்டிட்டாங்க, பழைய கடைவாசலெல்லாம் இப்பவும் தரைக்குக் கீழ இருக்கு, டூர்ல கூட்டிட்டுப் போய் காட்டுறாங்க. அப்புறம் ஃபர்ஸ்ட் அவென்யூல வடக்க நடந்தா மார்க்கெட். வெங்காய விலை கன்னாபின்னான்னு ஏறி ஜனங்க கொதிச்சதால, விவசாயிங்களே நேரடியா விக்கட்டும்னு 1907-ல தொறந்தது. மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறதைப் பாக்கத்தான் கூட்டம் அம்முது, ஆனா கீழ்த்தளக் கடைங்களையும் விட்டுடாதீங்க. இடிக்க இருந்த மார்க்கெட்டை 1971-ல ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டுக் காப்பாத்தினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான். ரோடெல்லாம் மேடு, நல்ல ஷூ போட்டுக்கிட்டு காலையிலயே கிளம்புங்க.