கோடை வெயிலில் தொழில்முறை கால்பந்து அணிகள் பயிற்சி எடுப்பதுபோல் நாமும் எடுத்தால் உடம்பு உறுதியாகுமா?

ஆகாது. நீங்கள் கல்லூரி அணியிலோ ஊர் கிளப்பிலோ இருப்பீர்கள், மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல்லி ஒருவர் விசிலோடு நிற்பார் என்று நினைக்கிறேன். "புரொஃபஷனல் டீமெல்லாம் நாற்பது டிகிரியில ஓடுறான், உனக்கென்ன?" என்ற வசனமும் காதில் விழுந்திருக்கும். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2025 ஜூனில் கிளப் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போன இங்கிலாந்துக் கால்பந்து அணி செல்சியின் பயிற்சியாளர் மரெஸ்கா, பிலடெல்பியா வெயிலில் பயிற்சி நடத்துவதே முடியாத காரியம் என்று வெளிப்படையாகச் சொல்லி நேரத்தைக் குறைத்தார். அதே போட்டியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள், சின்சினாட்டியில் முதல் பாதியை டிரெஸ்ஸிங் ரூமிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். கோடியில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நிழலில் உட்கார வெட்கமில்லை.

அவர்கள் வெயிலில் ஓடவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை. பத்துப் பதினான்கு நாள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி உடம்பைப் பழக்குவார்கள். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு. ஓரமாக ஒரு டப்பில் ஐஸ் தண்ணீரும் இருக்கும். யூடியூபில் ஓட்டத்தைக் காட்டுகிறார்கள், டப்பைக் காட்டுவதில்லை.

எங்களுக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடி முடித்து இப்போது பையன்களைப் பார்த்துக்கொள்கிறேன். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்ப அலை என்று வானிலைத் துறையே அறிவித்தது, 41 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு டோர்னமென்டுக்காக வெளியூரிலிருந்து வந்த கோச், காலை ஆறு மணிப் பயிற்சியை மத்தியானம் மூன்றுக்கு மாற்றினார். கோடையில் வெளிவேலை செய்கிறவர்களுக்கு 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்கச் சொல்லி கேரளத் தொழிலாளர் துறை உத்தரவே போடுகிறது என்றேன். "அதான் மூணு மணிக்குத்தானே கூப்பிடறேன்" என்றார்.

எங்கள் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், நல்ல கனமான பையன். முந்தின ராத்திரி காய்ச்சல் இருந்ததை மறைத்துவிட்டான். ஓடிக்கொண்டிருந்தவன் பந்தை எங்கள் கோலை நோக்கியே தட்டிக்கொண்டு போனான். எல்லோரும் சிரித்தார்கள். கூப்பிட்டு இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன், என்னவோ உளறினான். உடம்பு கொதித்தது. வியர்வையும் கொட்டியது, வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது ஓடி விழுகிறவர்கள் விஷயத்தில் தப்பு.

கோச் சோடா வாங்கி வரச் சொன்னார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தென்னந்தோப்புக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கழுத்து வரை இறக்கினேன். தோப்புக்காரர் ஓடி வந்தார். "ஏனுங் தம்பி, மாடு குடிக்கற தண்ணிங்க அது!" பையன் முகத்தைப் பார்த்ததும் அவரே மோட்டாரைப் போட்டுவிட்டார். மீன் கடையிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்து, "எதுக்குண்ணா என்னைத் தொட்டியில போட்டிருக்கீங்க?" என்று என்னையே திட்டினான். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

ஐஸில் போட்டால் ஜன்னி வரும், முதலில் ஆஸ்பத்திரிக்கல்லவா போக வேண்டும் என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஓட்டத்தில் உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி புத்தியும் தடுமாறினால், முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தில் இப்போது உள்ள விதி. அரை மணிக்குள் சூட்டை இறக்க வேண்டும். கோரி ஸ்ட்ரிங்கர் பற்றிப் படித்திருந்ததால் எனக்கு இது தெரியும். மினசோட்டா வைக்கிங்ஸ் ஆட்டக்காரர். அமெரிக்கக் கால்பந்து, ஹெல்மெட் போட்டு ஆடுவார்களே, அது. பயிற்சி முகாமில் ஹீட் ஸ்ட்ரோக்கில் சுருண்டு விழுந்து 2001 ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உள்ள நிறுவனம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அதே பையன் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போனான். வாயைத் திறந்ததும், "நீ தமிழ்நாட்டில் போய் ஆடு" என்றார்களாம். கோயம்புத்தூரில் ஒரு கிளப்பில் கேட்டோம், ஆதாரில் கேரள விலாசம் இருக்கிறதே என்றார்கள். இரண்டு பக்கமும் எந்த ரூலில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயம். போன் காட்டும் டிகிரியை மட்டும் நம்பாதீர்கள். ஃபிஃபா தண்ணீர் இடைவேளைக்கு 32 டிகிரி என்று வைத்தது காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்கும் வேறொரு கணக்கு. கொச்சிக்காரராக இருந்தால் எங்களைவிடக் குறைந்த டிகிரியிலேயே உங்களுக்கு ஆபத்து, வியர்வை காயாது. கோச்சிடம் ஆறு மணியைக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரிய தார்ப்பாயாவது கொண்டு போங்கள், நாலு பேர் மூலையைப் பிடித்தால் அதுவும் தொட்டிதான். மீன் கடையில் முந்தின நாளே சொல்லி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஐஸ் மிஞ்சாது.