டெமோவை வெளியிட ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று தட்டச்சு செய்து ஆடும் பழைய பாணி சாகச ஆட்டம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன். கதை தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில் நடக்கிறது. ஐந்து பகுதிகளில் முதல் பகுதியை மட்டும் டெமோவாக வெளியிட ஆசை. ஆனால் ஒரு ஏஜென்ட், “பதியாமல் வெளியிட்டால் திருடிவிடுவார்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கேம் லைசென்ஸும் வேண்டும். எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். சோர்ஸ் கோடை, அதாவது நீங்கள் எழுதிய நிரலை, பென் டிரைவில் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், பென் டிரைவைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்புதான். நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. அதைப் பெறப் பதிவு தேவையில்லை. பதிவு என்பது நாளைக்கு வழக்கு என்று வந்தால் காட்டுவதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். இது மத்தியச் சட்டம். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், பதிப்புரிமை மாறாது. இரண்டு இடத்திலும் பதிய வேண்டும் என்பது முழுப் பொய். அந்த ஒரு பொய்யிலேயே அவரை விட்டு விலகியிருக்க வேண்டும்.

சான்று வேண்டும் என்று நினைத்தால் நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கேட்பார்கள். அப்புறம் யாராவது ஆட்சேபம் சொல்வார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சான்றிதழ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 500 ரூபாய் வேலையை, ஒரு வக்கீல் பக்கத்தில் இல்லாமல் நிரப்பப் பயப்படும் சட்ட ஆங்கிலப் படிவமாக ஆக்கி வைத்திருப்பது யார் தவறு? வீட்டில் உட்கார்ந்து தமிழில் ஆட்டம் எழுதும் ஒருவருக்குத் தமிழில் ஒரு பக்க விளக்கம் கொடுக்க இந்த அமைப்பால் முடியவில்லை. ஏஜென்டுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். டெமோவுக்காக இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று காத்திருக்காதீர்கள். நிரலை எழுதிய தேதிகளோடு ஒரு தனிப்பட்ட கிட் களஞ்சியத்தில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேமிக்கும் இடம்) போட்டு வையுங்கள். உங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.

‘பேட்டன்ட் வாங்கித் தருகிறேன்’ என்றும் சிலர் வருவார்கள். வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது.

கதைக்கரு திருடு போகும் என்ற கவலையையும் விட்டுவிடுங்கள். வெறும் கருவுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் நிலத்தைச் சேர்த்துக்கொண்டதும், அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று சொல்வதும் கடலூர் பக்கம் எல்லோருக்கும் பொது. அதே கோட்டையில் நாளைக்கு இன்னொருவரும் ஆட்டம் எழுதலாம். கட்டளை தட்டி ஆடும் முறையும் 1976-இல் அமெரிக்க நிரலாளர் வில் கிரவுதர் எழுதிய குகை ஆட்டத்திலிருந்து எல்லோரும் எடுத்து ஆள்வதுதான். உங்கள் வாக்கியங்களும் உங்கள் கோடும்தான் உங்களுடையவை. அவற்றை எடுத்தால்தான் திருட்டு.

கேம் லைசென்ஸ் என்று அவர் சொல்வது வெறும் மிரட்டல். 2022-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டமும் 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. உங்கள் ஆட்டத்தில் பந்தயமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை.

அடுத்து அவர் என்ன சொல்வார் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்: “எங்கள் அக்கவுண்டிலேயே வெளியிட்டுத் தருகிறோம், உங்களுக்கு அலைச்சல் இல்லை.” இதில்தான் பலர் விழுகிறார்கள். கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஓர் ஆட்டத்துக்கு 100 டாலர், கூகுள் பிளேயில் டெவலப்பர் கணக்குக்கு ஒரு தடவை 25 டாலர். இரண்டையும் அந்தந்த நிறுவனத்துக்கு நேராகக் கட்டலாம். அடுத்தவர் அக்கவுண்டில் ஆட்டம் ஏறினால் விமர்சனங்கள், பின்தொடர்பவர்கள், பிறகு வரும் பணம் எல்லாம் அவர் கையில். சொந்த வீட்டை அடுத்தவர் பெயருக்குப் பத்திரம் எழுதிவிட்டு அதிலேயே வாடகைக்கு இருப்பது போன்ற நிலை இது. கூடவே ஓர் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அதில் ‘உரிமை மாற்றம்’ என்ற சொல் இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தைச் சட்டம் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாததை இந்தியா முழுவதும் என்றும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது உங்களுக்கே பொருந்தக்கூடும். நீங்கள் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். வேலையின் பகுதியாக எழுதப்பட்டதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். வீட்டில் இரவில் எழுதிய ஆட்டம் உங்கள் வேலையின் பகுதி ஆகாது என்பது சரி. ஆனால் எந்த லேப்டாப்பில் எழுதினீர்கள்? ஆபீஸ் லேப்டாப் என்றால் கேள்வி எழும். ஆபீஸ் கணக்கில் உள்ள கிட்டில் போட்டீர்களா? இன்னும் பெரிய கேள்வி. ஆபீஸுக்காக எழுதிய நாலு ஃபங்ஷனை (நிரல் துண்டுகளை) அப்படியே எடுத்து ஆட்டத்தில் ஒட்டினீர்களா? அந்த நாலும் உங்களுடையவை அல்ல, இன்றைக்கே தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே’ என்று ஒரு வரி பல இடங்களில் இருக்கிறது. இருந்தால், டெமோ வெளியாவதற்கு முன்பே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். டீம் லீட் வாய்மொழியாகச் ‘சரி, பண்ணுங்க’ என்றது கணக்கில் வராது. டெமோ யாருக்கும் தெரியாமல் கிடக்கும் வரை ஒருவரும் கேட்க மாட்டார்கள், நாலு பேர் பேச ஆரம்பித்தால் கேட்பார்கள்.

இது தெளிவானதும், தனியாக ஆட்டம் எழுதுபவர்கள் வெளியிடும் இட்ச் ஐஓ (itch.io) தளத்தில் நீங்களே ஏற்றுங்கள். கட்டணம் இல்லை, பிரவுசரிலேயே ஆட வைக்கலாம். ஏற்றும் கோப்பில் முதல் பகுதி மட்டும் இருக்கட்டும். ஐந்து பகுதியையும் வைத்துவிட்டு நாலைப் பூட்டுவது ஜாவாஸ்கிரிப்டில் செல்லாது. கோப்பைத் திறந்தால் உங்கள் முடிவு வரை எவரும் படித்துவிடலாம். திருட்டைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தமிழ்க் கட்டளைகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். ‘கோ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் அனுப்பலாம், இரண்டு துண்டாகவும் அனுப்பலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், உங்கள் நிரலுக்கோ ‘கோட்டை’ என்பது இரண்டு வேறு சொற்களாகிவிடும். உள்ளே வரும் வரியை நார்மலைஸ் செய்துவிட்டு, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ‘கதவைத் திற’, ‘கதவை திற’, ‘கதவு திற’ மூன்றும் கதவைத் திறக்க வேண்டும். அவசரத்தில் ஒற்று விட்டவரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்லும் ஆட்டத்தை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை.

ஆட்டத்துக்குப் புரியாமல் போன கட்டளைகளை மட்டும் ஒரு பட்டியலாகச் சேர்த்து, டெமோவின் கடைசித் திரையில் அதை நகலெடுத்து உங்களுக்கு அனுப்ப ஒரு பொத்தான் வையுங்கள். அனுப்புவதா வேண்டாமா என்பது ஆடுபவர் விருப்பம். இரண்டாம் பகுதியைத் திருத்த உட்காரும்போது அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.